‘ஆ’ சீட்டு ஒட்டிய ராட்செட்

பேருந்துப் பணிமனையில் அவரைப் பதிமூணு என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த போல்ட்டைக் காட்டினாலும் தொட்டுக்கூடப் பார்க்காமல் “பதிமூணாம் நம்பர்” என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். இல்லாவிட்டால், “பதிமூணுதான் போட்டிருக்கணும், வண்டி செஞ்சவன் தூங்கிட்டான்” என்று சொல்லிவிட்டு வேறு சாக்கெட்டை எடுப்பார்.

கொஞ்ச நாளாக அவர் யார் மேலும் பழி போடுவதில்லை. அதற்கும் தெம்பு வேண்டியிருக்கிறது. வலது மணிக்கட்டு வீங்கி, வடிந்து, மறுபடி வீங்கி, கடைசியில் வீங்கியபடியே இருந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டது.

காரணம் ராட்செட். போல்ட்டின் தலையைக் கவ்வுகிற சாக்கெட்டை மாட்டித் திருகுகிற கைப்பிடி அது. ஒரு பக்கம் தள்ளினால் பிடிக்கும். மறு பக்கம் கடகடவென்று சும்மா வரும். அதன் தலைக்குள் ஒரு பல்சக்கரமும், பல்லில் போய் விழ ஒரு நாக்கும் உண்டு. பல் குறைவாக இருந்தால் அடுத்த பல்லைப் பிடிக்கக் கையை நிறைய வீச வேண்டும். பணிமனையின் ராட்செட்டுகளுக்கு இருபத்துநாலு பல். அவற்றிலும் பாதி, பதிமூணுவின் கடைவாய்ப் பல்லைப்போலத் தேய்ந்து உட்கார்ந்தவை. ஸ்டார்ட்டர் மோட்டாரின் மேல் போல்ட்டுக்குப் போனால் கையை அசைக்க இரண்டு விரல் இடம்தான் இருக்கும். நாக்கு அடுத்த பல்லை எட்டாது. தோளைச் சாய்த்து, மணிக்கட்டை முறுக்கி, மூச்சைப் பிடித்து அழுத்தினால் நாக்கு சறுக்கும். முஷ்டி நேராக எஞ்சினில் போய் மோதும்.

“இன்னொரு தடவை இந்தக் கையோட வந்தீங்கன்னா கேட்டுக்கு எழுதிக் குடுத்துடுவேன்” என்று பணிமனை டாக்டர் சொல்லிவிட்டார்.

கேட் என்றால் வாசல் கூண்டில் உட்கார்ந்து, போகிற வருகிற பஸ்ஸின் நம்பரை எழுதுவது. இப்போது அங்கே இருப்பவரும் ஒரு காலத்தில் மெக்கானிக்தான். எஞ்சினின் சத்தத்தை வைத்தே அதன் வயதைச் சொன்னவர். இன்று மேலாளரின் கார் சத்தம் ஒன்றுதான் அவருக்குத் தெரிகிறது; கேட்டதும் எழுந்து நிற்கிறார். பதிமூணு தினமும் காலையில் அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, கொஞ்சம் வேகமாக நடப்பார்.

வீட்டில் அவர் மனைவிதான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“ஊர்ல ஓடுற பஸ்ஸையெல்லாம் கழட்டி மாட்டுற கை. ஒரு மூடிகிட்ட இப்படித் தோத்துப் போகுதே!”

“மூடி கொஞ்சம் இறுக்கம்.”

“நேத்தும் அதே மூடிதான். நானும் அதே நான்தான். ஒரு நல்ல சாமான் கேட்டு வாங்கினா என்ன?”

“கேட்டா சுற்றறிக்கை வரும்” என்றார் பதிமூணு.

அது மேலாளரின் பட்டப்பெயரும்கூட. கை கழுவுவதற்கு ஒரு சுற்றறிக்கை, கை கழுவிய பிறகு குழாயை மூடுவதற்கு இன்னொன்று, சுற்றறிக்கைகளைச் சுவரில் கோணாமல் ஒட்டுவது எப்படி என்று படம் போட்டு மூன்றாவது. அப்படிப்பட்டவருக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து, கைக்கருவிகளில் மலிவானவற்றையும் விலை உயர்ந்தவற்றையும் ஒப்பிட்டு அறிக்கை அனுப்பும்படி ஒரு கடிதம் வந்தால் என்ன ஆகும்? மூன்று நாள் அவர் முகத்தில் மாப்பிள்ளைக் களை. ‘கைக்கருவிகளின் தரமும் மதிப்பும்: ஓர் அறிவியல் நோக்கு’ என்று தலைப்பை எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டார். மீதி இருந்தது ஆய்வு மட்டும்தான்.

இரண்டு ராட்செட் வாங்கினார்கள், ஒன்று மலிவு, ஒன்று உயர்ரகம். கம்பெனிப் பெயரைப் பார்த்து யாரும் மயங்கிவிடக் கூடாது என்று இரண்டு கைப்பிடிக்கும் கறுப்பு டேப் சுற்றச் சொன்னார் சுற்றறிக்கை. “உசந்ததுக்கு ‘அ’ன்னு சீட்டு ஒட்டுங்க, மட்டத்துக்கு ‘ஆ’.”

இந்தப் பொறுப்பு ஸ்டோர்காரருக்கு வந்தது. பட்டறையில் அவருக்குப் பூட்டு என்று பெயர். துடைக்கிற பழந்துணிக்கே மூன்று கையெழுத்து வாங்குகிறவர். பூட்டு முதலில் இரண்டையும் பெட்டியிலிருந்து எடுத்தார். பெட்டிகளை அலமாரியில் வைத்துப் பூட்டினார். டேப்பைச் சுற்றினார். அப்புறம்தான் சீட்டு ஒட்டவேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. ஒன்றின் தலை முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. மற்றது மழைக்கால வானம்போல மங்கலாக இருந்தது. பளபளப்புக்கு ‘அ’ ஒட்டினார். பூட்டைத் திறந்து பெட்டியைப் பார்த்திருக்கலாம். ஆனால் அதற்கு அவரே அவரிடம் மூன்று கையெழுத்து வாங்க வேண்டியிருந்திருக்கும்.

ஆய்வு கூட்ட அறையில் நடந்தது. மேஜைக்கு வெள்ளைத் துணி விரித்து, நடுவில் ஒரு மரக்கட்டையில் நான்கு போல்ட்டுகளை நட்டிருந்தார்கள். சுற்றிலும் ஒரு பஸ்ஸே திரும்புகிற அளவுக்கு இடம்.

“இங்க எது வேணும்னாலும் வேலை செய்யும் சார்” என்றார் பதிமூணு. “கரண்டிகூட.”

“நீங்க அனுபவஸ்தர். அறிவியலை எங்ககிட்ட விடுங்க.” சுற்றறிக்கை ‘அ’வை எடுத்துச் சுழற்றினார். கட கட கட கட. “கேளுங்க இந்த ஒலியை. என்ன ஒரு கம்பீரம்! விலைன்னா சும்மாவா?” ‘ஆ’வை எடுத்தார். அது கிர்ர் என்று மெல்ல முணுமுணுத்தது. “பாத்தீங்களா, குரலே எழும்பல. தயங்குது.”

“தயங்குது” என்று பூட்டு எழுதிக்கொண்டார்.

ஒலிக்குப் பத்துக்கு ‘அ’வுக்கு ஒன்பது, ‘ஆ’வுக்கு மூன்று. தோற்றத்துக்குப் பத்துக்குப் பத்து, இரண்டு. பிடிமானத்துக்கு மதிப்பெண் போடப் பதிமூணுவின் கையில் இரண்டையும் கொடுத்தார்கள். ‘அ’ கைக்குள் வந்ததுமே அது எந்த வகை என்று தெரிந்துவிட்டது. பட்டறையில் கிடக்கிற அதே சாதி. இது குளித்துவிட்டு வந்திருந்தது, அவ்வளவுதான். ‘ஆ’வைப் போல்ட்டில் மாட்டி மெல்ல அசைத்தார். இன்னும் குறைவாக. அதிலும் குறைவாக. விரல் நகத்தின் அகலம்தான் கை நகர்ந்தது. உள்ளே நாக்கு அடுத்த பல்லில் போய் உட்கார்ந்தது. எழுபது பல்லாவது இருக்கும். மணிக்கட்டு அசையவே இல்லை.

“சார், இந்தச் சீட்டு…” என்று ஆரம்பித்தார்.

“ஒரு நிமிஷம்.” சுற்றறிக்கை பூட்டுவின் பக்கம் திரும்பினார். “ஆய்வு முடிஞ்சதும் ‘அ’ என் அறைக்கு வரட்டும். கண்ணாடி அலமாரியில வைப்போம், வர்றவங்க பாக்கட்டும். இந்த ‘ஆ’வைப் பட்டறையில கடாசிடுங்க. இவங்க கைக்கு அது போதும்.” பிறகு பதிமூணுவைப் பார்த்தார். “சீட்டுன்னு ஏதோ சொல்ல வந்தீங்களே?”

பதிமூணு தன் மணிக்கட்டைப் பார்த்தார். கேட் கூண்டையும் அதற்குள் எழுந்து நிற்கிற மனிதரையும் நினைத்துக்கொண்டார்.

“சீட்டு நல்லா ஒட்டியிருக்கு சார்.”

அறிக்கையில் கையெழுத்தும் போட்டார். வலித்தது, ஆனால் மணிக்கட்டுதான்.

எட்டு மாதம் ஓடியது. வீக்கம் பாதி வடிந்தது. ஸ்டார்ட்டர் போல்ட்டுகள் முணுமுணுப்பிலேயே கழன்று வந்தன. பாட்டில் மூடியைக்கூட இரண்டு முறை அவரே திறந்தார். மனைவி கை தட்டினாள். டேப் மட்டும் கிரீஸ் பட்டு அடிக்கடி நெகிழ்ந்து, அடியில் கொத்தியிருந்த பெயர் எட்டிப் பார்க்கும். வாரத்துக்கொரு முறை கழிவறைக்குள் போய்ப் புது டேப் சுற்றி, அதே சீட்டை ஒட்டிக்கொண்டு வந்தார். யாராவது இரவல் கேட்டால், “மட்டமான சாமான், விரலைப் பேத்துடும்” என்பார். கேட்டவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தப் பரிதாபத்தை வாங்கிக்கொள்வதுதான் நாளின் வேலைகளிலேயே பளுவானதாக இருந்தது.

பிரேக் பகுதியில் ஒரு பெண் மெக்கானிக் இருந்தாள். பெயரும் பிரேக்கு. வாய்க்கு மட்டும் அது கிடையாது. அவளுக்கும் விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்துகிடந்தது. நல்ல ராட்செட் ஆறு வேண்டும் என்று மனு எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, பதிமூணுவிடமும் வந்தாள்.

“போடுங்கண்ணே. உங்ககிட்ட இருக்கிறதுதான் இருக்கிறதுலயே கேவலமானது. உங்களுக்குத்தான் மொதல்ல கேக்கணும்.”

அவர் போட்டார். அது அவர் போட்ட இரண்டாவது பொய்க் கையெழுத்தா, முதல் உண்மைக் கையெழுத்தா என்று யோசிக்க அவருக்கு அலுப்பாக இருந்தது.

இரண்டாம் நாள் சுற்றறிக்கையே பட்டறைக்கு வந்தார். பின்னால் பூட்டு ஒரு தட்டை ஏந்தி வந்தார். தட்டில் வெல்வெட் துணி, துணியின் மேல் கண்ணாடி அலமாரியின் ‘அ’. எல்லோரும் கூடினார்கள்.

“மனு பாத்தேன்” என்றார் சுற்றறிக்கை. “அதுக்கு முன்னால ஒரு விஷயம். ஆய்வுல மட்டம்னு முடிவான கருவியை வெச்சுக்கிட்டு எட்டு மாசமா ஒருத்தர் வேலை பாக்குறார். ‘ஆ’ன்னு ஒரு வார்த்தை வாயத் திறந்திருப்பாரா? எனக்கே மனசு கேக்கல. இந்தாங்க, இனிமே ‘அ’ உங்களுக்கு. அந்த ‘ஆ’வைக் குடுங்க, பழைய இரும்புக்குப் போட்டுடுவோம்.”

எல்லோரும் கை தட்டினார்கள். பூட்டு தட்டை நீட்டினார். பதிமூணுவின் கை தானாகப் பின்னால் போய், ‘ஆ’வை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டது.

“வேணாம் சார்.”

“என்ன வேணாமா?”

“எனக்கு… இதுவே பழகிடுச்சு சார். நல்லதெல்லாம் என் கைக்கு ஒத்து வராது.”

சுற்றறிக்கைக்குக் கண் கலங்கிவிட்டது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். “கேட்டீங்களா? இதுதான் எளிமை. மட்டமான சாமானை வெச்சு இவரால முடியுதுன்னா, சாதா ராட்செட் வெச்சிருக்கிற உங்களுக்கு ஆறு புதுசு எதுக்கு?” மனுவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். தட்டும் பின்னாலேயே போயிற்று.

கூட்டம் கலைந்தது. பிரேக்கு மட்டும் நின்றாள்.

“நல்லா இருங்கண்ணே” என்றாள். “உங்க எளிமைக்கு நாங்க முட்டி முட்டியா ரத்தம் குடுக்கிறோம். இன்னும் கொஞ்சம் எளிமையா இருங்க, மொத்தமா கைய வெட்டிக் குடுத்துடறோம்.”

பதிமூணு இடுப்பிலிருந்து ‘ஆ’வை எடுத்து அவளிடம் நீட்டினார். எதிரே நின்ற பஸ்ஸைக் காட்டினார். “ஸ்டார்ட்டர் மேல் போல்ட்டு. போய்க் கழட்டு.”

“விரலைப் பேத்துக்கவா?”

“போம்மா.”

அவள் முணுமுணுத்தபடி எஞ்சினுக்குள் தலையை விட்டாள். பிறகு ராட்செட் மட்டும் முணுமுணுத்தது. கிர், கிர், கிர். நிற்கவே இல்லை. போல்ட் கழன்று அவள் உள்ளங்கைக்கு வந்தபிறகுதான் தலை வெளியே வந்தது.

“அண்ணே. இது எத்தனை பல்லு?”

“டேப்பைப் பிரிக்காதே.”

அவள் டேப்பைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், மேலாளர் அறை இருந்த திசையைப் பார்த்தாள். “எட்டு மாசமாவா?”

“ம்.”

“அடப்பாவி மனுசா!” கோபப்படுவதற்குக்கூட நேரம் எடுத்தது அவளுக்கு. “நாங்க உங்களப் பாத்து ‘உச்’ கொட்டினோமே! எங்க வீட்டுல வேற சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டேனே!”

பதிமூணு கையைத் துடைத்துக்கொண்டு மேலாளர் அறைக்கு நடந்தார். தூரம் அதிகமில்லை, ஆனால் எட்டு மாதத்தையும் தூக்கிக்கொண்டு போகவேண்டியிருந்தது.

சுற்றறிக்கை முழுவதையும் கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். கண்ணாடி அலமாரிக்குள் ‘அ’ பளபளத்தது. பக்கத்தில் சட்டம் போட்டு மாட்டியிருந்த தலைமை அலுவலகத்தின் பாராட்டுக் கடிதம் அதைவிடப் பளபளத்தது.

“இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“ஒரு ஆளுகிட்ட.”

“பாருங்க. அறிக்கை போயாச்சு. பாராட்டு வந்தாச்சு. நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. இப்ப எது நல்லதுன்னு நம்ம கை சொல்லக் கூடாது. அறிக்கைதான் சொல்லணும்.”

“சரி சார். அறிக்கைப்படி ‘ஆ’ மட்டமாவே இருக்கட்டும். அந்த மட்டத்துலயே இன்னும் ஆறு வாங்கிக் குடுத்துடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க.”

சுற்றறிக்கை இதை உண்மையாகவே யோசித்தார். ஒரு தாளை எடுத்து ஏதோ எழுதிப் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

“முடியாதே. மட்டமானதுக்கு அவ்வளவு விலை குடுத்தீங்களான்னு தணிக்கையில கேப்பாங்களே.”

பதிமூணுவுக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம்தான். வரவில்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

பிரேக்கு அதே பஸ்ஸின் பக்கத்தில் காத்திருந்தாள். “என்ன சொன்னாரு?”

“மட்டமானது விலை ஜாஸ்தியாம்.”

அவளுக்கு வந்தது சிரிப்பு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு டயரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். சிரித்து முடிந்ததும் ராட்செட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

“காலையில உங்களுக்கு. மத்தியானத்துக்கு மேல எங்களுக்கு. டேப்பு நான் சுத்தறேன், நீங்க சுத்தினது மூட்டை கட்டின மாதிரி இருக்கு.”

“சரிம்மா.”

“‘சரிம்மா’ன்னு எட்டு மாசம் முன்னாடி சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம்.”

மணி பார்த்தார்கள். மத்தியானம் தாண்டியிருந்தது. பதிமூணு கருவிப் பெட்டியைக் கிளறி, இருபத்துநாலு பல்லில் மிச்சமிருந்ததை எடுத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிடம் போனார். இரண்டு விரல் இடம். தோளைச் சாய்த்தார், மணிக்கட்டை முறுக்கினார். நாக்கு எட்டவில்லை.

அன்று மாலை மனைவி தண்ணீர் பாட்டிலை அவர் முன்னால் வைத்தாள். அவர் மூடியைப் பிடித்தார், விட்டார், அவள் பக்கம் நகர்த்தினார்.

“என்னாச்சு? இப்பத்தான நீங்களே திறக்க ஆரம்பிச்சீங்க?”

“காலையில கேளு, திறக்கறேன்” என்றார் பதிமூணு. “மத்தியானத்துக்கு மேல வேற ஆளுங்க முறை.”