வழுக்காத தவளை

விடியுமுன்பே சிபிரி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிவிட்டான். ஓடைக்குள் பதித்துக் கல் நிரப்பிய பழைய லாரி டயர்தான் அவனுக்குத் துவைகல். நனைந்து கனத்த ஓட்டல் விரிப்பைத் தலைக்கு மேல் சுழற்றி அதில் ஓங்கி அறைந்தான். தோள்பட்டை கழன்றுவிடும்போல வலித்தது. இருபத்திரண்டு டயர்கள், மோசி இனத்து ஆட்கள் இருபத்திரண்டு பேர். எல்லோரும் வடக்கேயிருந்து எல்லை தாண்டி டலோவா நகரத்துக்குப் பிழைக்க வந்தவர்கள்.

"அவ இன்னிக்கும் வந்துட்டா," என்றான் பக்கத்து டயரில் நின்ற கூக்கா.

நாணல் ஓரத்தில் ஓடெத் நின்றாள். இந்த ஓடையில் தவளை பிடித்து, புகையில் வாட்டிச் சந்தையில் விற்கிற உள்ளூர்க்காரி. மூன்று நாளாக எதையும் பிடிக்காமல் துவைப்பவர்களையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முதலாளி லாஸினா முன்பே எச்சரித்திருந்தார்: "அந்தப் பொம்பள தண்ணியில மருந்து கலந்து தவளை பிடிக்கிறா. பழிய உங்க மேல போட்டு, வந்தேறின்னு விரட்டப் பாக்குறா." பிழைக்க வந்த ஊரில் யாரை நம்புவது என்று சிபிரிக்குத் தெரியவில்லை.

முதலாளியை மட்டும் நம்ப முடிந்ததா என்ன? நான்கு மாதமாக அவர் இறக்குகிற நீலத்தூள் மூட்டையில் பேரும் இல்லை, ஊரும் இல்லை. முன்பெல்லாம் செம்பனை எண்ணெயில் காய்ச்சிய சவுக்கார உருண்டைதான். தூள் வந்தபின் அழுக்குச் சீக்கிரம் போகிறதாம். அதனால் ஆளுக்கு விரிப்பு இரண்டு மடங்கு. கூலியிலோ தூளுக்கென்று பிடித்தம். விரலெல்லாம் தோலுரிந்து, சோற்றில் மிளகாய் பட்டால் உயிர் போகிறது.

நுரையை விலக்கிக்கொண்டு ஓடெத் நேராக அவனிடமே வந்தாள்.

"என்னக்கா, வேவு பாக்குறியா?"

"ஆமா. நான் இல்லாத நேரத்துல நீங்க என் வலையைக் கிழிக்கிறீங்கன்னு உங்க முதலாளிதான் சொன்னாரு."

"எங்ககிட்ட, நீ மருந்து கலக்குறேன்னு சொன்னாரு."

 இருவருக்கும் நம்பிக்கை வந்துவிடவில்லை, ஆனால் இரண்டு காதிலும் ஓதியது ஒரே வாய் என்பது உறைத்தது.

அவள் பைக்குள்ளிருந்து ஒரு தவளையை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். "நல்ல தவளைன்னா கையில நிக்குமா? வழுக்கிட்டு ஓடிரும். இது பாரு, மாமியார் வீட்டுக்கு வந்த மருமகன் மாதிரி உக்காந்திருக்கு."

அதன் முதுகு வறண்டு, தோல் திட்டுத்திட்டாக உரிந்திருந்தது. பின்னங்காலை இழுக்கப் பார்த்தது, முடியவில்லை.

"இது தோலாலயும் மூச்சு விடும். அந்தக் கொழகொழப்பு போனா மூச்சும் போச்சு. தலைப்பிரட்டை எல்லாம் மேல வந்து வாயைப் பிளக்குது. நீங்க சவுக்காரம் போட்ட காலத்துல இப்படி இல்ல."

தவளைக்குக் கீழே தன் உள்ளங்கையும் அதேபோல உரிந்திருப்பதைச் சிபிரி பார்த்தான். தூளைக் கொட்டியதும் இந்தக் கைதான். அவனுக்கு வெட்கமாக இருந்தது.

அதற்குள் முதலாளியின் வண்டி வந்து நின்றது. இறங்கியவர் கையில் ஒரு காகிதமும் மைப்பெட்டியும்.

"தண்ணி ஆபீஸ்காரங்க வர்றாங்களாம். சும்மா ஒரு கைநாட்டு வையிங்க. உங்க நல்லதுக்குத்தான்."

"என்ன எழுதியிருக்கு முதலாளி?"

"படிக்கத் தெரிஞ்சா துவைக்கவா வந்திருப்ப?"

கூக்கா பயந்துபோய்க் கட்டைவிரலை வைத்தான். மைதான் அப்பியது, ஒரு கோடு விழவில்லை. அடுத்தவன் வைத்தான், அவனுக்கும் வெறும் கறை.

"ஒழுங்கா அழுத்துங்கடா."

"ரேகை இல்ல முதலாளி," என்றான் சிபிரி. "உங்க தூள் தின்னுடுச்சு."

ஓடெத் காகிதத்தைப் பிடுங்கி உரக்கப் படித்தாள். "'தூளை நாங்களே வாங்கினோம். முதலாளிக்கு இது தெரியாது. ஓடை கெட்டதற்கு நாங்களே பொறுப்பு.' இதுதான் உங்க நல்லது."

சிபிரி விரிப்பைக் கரையில் எறிந்தான். "இனி இந்தத் தூளை நாங்க தொட மாட்டோம். சவுக்காரம் வரணும், பிடிச்ச கூலி வரணும், தூள் யாருதுன்னு அதிகாரி முன்னாடி நீங்க சொல்லணும்."

"நீ இல்லன்னா நூறு பேரு. அடுத்த ஓடையில கிடக்கிறானுங்க, அள்ளிட்டு வர்றேன்." வண்டி புழுதி கிளப்பிப் போனது.

இருபத்திரண்டு பேரும் கரையேறி உட்கார்ந்தார்கள். ஓடெத்தும் உட்கார்ந்தாள்.

"நாங்க தொலைஞ்சா உனக்கு லாபம்தானேக்கா?" சிபிரிக்குச் சந்தேகம் இன்னும் விடவில்லை.

"நீங்க போனா வேற கையால கொட்டுவான். எனக்கு என்ன லாபம்?"

உச்சிவெயிலில் வண்டி திரும்பியது, பதினைந்து ஆட்களோடு. முதலில் குதித்த நெடியவன் இடுப்பில் கைவைத்துக் கத்தினான். "ஏ மோசி அடிமைகளா, எஜமான் வந்தும் எந்திரிக்க மாட்டீங்களா?"

சிபிரிக்குப் பாதி உயிர் வந்தது. சாமோ இனத்தான். மோசிக்கும் சாமோவுக்கும் பரம்பரைக் கேலிமுறை: கண்ட இடத்தில் வைதுகொள்ளலாம், கோபிக்கக் கூடாது, ஒருவன் கேட்டதை மற்றவன் மறுக்கவும் கூடாது. ஆனாலும் பசிக்கு முன்னால் முறை நிற்குமா?

"நாய்த்தலை தின்னி, நீயா எனக்கு எஜமான்?" என்றபடி தன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். "ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். இந்தத் தண்ணியில கால் வைக்காத."

"இறங்குங்கடா ஓடையில," என்று அதட்டினார் முதலாளி.

நெடியவன் அந்தக் கைகளைப் பார்த்தான், பிறகு தன் கைகளையும்.

"வேற எவன் இடம்னாலும் இறங்கியிருப்பேன் முதலாளி. அடிமைப்பய வாய்விட்டுக் கேட்டுட்டானே, என்ன பண்றது?" சிபிரியின் பக்கத்தில் வந்து, "தள்ளி உக்காருடா," என்றான்.

வண்டியிலிருந்து மற்ற சாமோக்காரர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். ஒருவன்கூடத் தண்ணீர்ப் பக்கம் போகவில்லை. அதிகாரி இன்னும் வரவில்லை. வந்தாலும் யார் பக்கம் பேசுவாரோ. சிபிரி தள்ளி உட்கார்ந்து இடம் விட்டான்.