ஊசல் சாரின் மாதிரி வகுப்பு

கல்லூரியில் அவருக்குப் பெயரே ஊசல் சார்தான். கற்பித்தலின் தரத்தைப் பார்க்கக் குழு வருகிறது என்றால் போதும், முதல்வர் அவரைத்தான் பிடித்து முன்னால் தள்ளுவார். நூலில் கட்டிய இரும்புக் குண்டு, அதே இயற்பியல் பாடம், முன்வரிசையில் பொறுக்கி எடுத்த பிள்ளைகள். யார் எப்போது எழுந்து சந்தேகம் கேட்க வேண்டும் என்பதுவரை ஒத்திகை நடக்கும். சந்தேகத்துக்கு ஒத்திகையாம்! கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அவருக்கு வயிறு எரியும்.

இந்தத் தடவை வயிறு எரியவும் வழியில்லை. தற்காலிக விரிவுரையாளராகவே தலை நரைத்துவிட்டது. குழு நல்ல வார்த்தை சொன்னால் வேலை நிரந்தரம் என்று முதல்வர் வாக்குக் கொடுத்திருந்தார்.

"உங்க புத்திசாலித்தனத்தை எல்லாம் மூட்டை கட்டி வைங்க. சொன்னதை மட்டும் செஞ்சிட்டு வாங்க, புண்ணியமாப் போகும்," என்று மனைவி வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. குண்டின் எடை கூடினாலும் ஆடும் நேரம் மாறாது என்றார். முன்வரிசைப் பையன் எழுந்து தன் சந்தேகத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தான். குழுவினர் தலையாட்டினார்கள். அப்போது கடைசி பெஞ்சில் ஒரு மாணவியின் கை உயர்ந்தது. அங்கே இருப்பவர்கள் வாயே திறக்கக் கூடாது என்பது ஏற்பாடு.

"சார், எடை முக்கியமில்லேங்கிறீங்க. அப்ப ஊஞ்சல்ல உக்காந்து ஆடுறதைவிட நின்னு ஆடினா ஏன் சீக்கிரம் திரும்பி வருது? நான் ஆடிப் பாத்திருக்கேன்."

அடடா! இப்படி ஒரு கேள்விக்காகத்தானே அவர் இத்தனை காலம் தொண்டை கிழியக் கத்தினார்? பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முதல்வர் முறைத்தார்.

"உக்காரும்மா. அதெல்லாம் பாடத்துல இல்ல."

சொன்னது தன் வாய்தானா என்று அவருக்கே கூசியது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

குழு பாராட்டிவிட்டுப் போனது. முதல்வர் தோளில் தட்டினார். "உங்க வேலைக்கு இனி பயமே இல்ல சார். மத்த காலேஜ்காரங்களும் வந்து பாக்கணுமாம். வாராவாரம் இதே கிளாஸ்தான். ஒரு வார்த்தை மாத்திடாதீங்க."

மறுநாள் குண்டையும் நூலையும் தூக்கிக்கொண்டு வகுப்புக்கு ஓடினார். ஊஞ்சலில் எழுந்து நின்றால் உடம்பு மேலே ஏறுகிறது, நூல் சுருங்கியது போலத்தான்; நூல் சுருங்கினால் குண்டு சீக்கிரம் திரும்பி வரும். அதைச் செய்துகாட்டக் கை பரபரத்தது. கடைசி பெஞ்சைப் பார்த்து, "நேத்து ஒண்ணு கேட்டியேம்மா, இப்பக் கேளு," என்றார்.

பழக்கத்தில் முன்வரிசைக் கைகள்தான் உயர்ந்தன.

அவள் எழுந்து, பணிவாகவே கேட்டாள்: "அடுத்த ஒத்திகையா சார்? நான் எப்ப எந்திரிக்கணும்?"