கிருபை டீச்சர் கையெழுத்துப் போட்ட தாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை திருட்டு. தூத்துக்குடியில் ஒரு கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில், எனக்கு முன்னால் நின்ற தாயும் மகளும் போட்ட சண்டையைக் காதை நீட்டிக் களவாண்டேன். பெயர்களும் ஒன்றிரண்டு ஒட்டுகளும் மட்டும் என் கைச்சரக்கு. அம்மா கிருபை, மகள் ஜெபசுதா.

[உப்பளத்து வெயிலில் ஜெபசுதா தன்னந்தனியாக...] சீ! உப்பளத்துக்கும் இவளுக்கும் என்ன சம்பந்தம்? அடித்துவிட்டேன்.

2

விஷயம் இதுதான். ஜெபசுதா பாடம் படிக்கவென்று பள்ளிக்கூட வாசலை மிதித்ததே இல்லை. நாசரேத்தில் டீச்சராக இருந்த கிருபை வேலையை விட்டுவிட்டு, மகளுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடுத்தாள். பிளஸ் டூவைத் திறந்தநிலைப் பள்ளித் தேர்வில் எழுதி, நல்ல மார்க். விலங்கியலில் சீட்டும் தயார். நடத்தைச் சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி, அதுவும் அன்று நாலு மணிக்குள்.

"படிச்ச ஸ்கூல் எச்.எம். எழுதித் தரணும்மா," என்றார் கல்லூரி ஆபீஸ் கிளார்க் பொன்னுதுரை.

"ஸ்கூலே கெடையாது அண்ணாச்சி. அம்மாதான் சொல்லித்தந்தாவ."

"அப்ப அம்மாதான் எச்.எம். போய் வாங்கிட்டு வா."

(ஒரு கிளார்க் இப்படிச் சொல்வாரா? எனக்கே சந்தேகம்தான். சொல்லாவிட்டால் கதை நகராதே!)

3

ஜெராக்ஸ் கடையிலேயே ஒரு தாள் வாங்கிக் கிருபை எழுதினாள்: 'கெட்டிக்காரி. சோம்பேறி. எதிர்த்துப் பேசுவாள். இரண்டு முறை பொய் சொல்லியிருக்கிறாள்.'

"எம்மா! எல்லாரும் 'நன்று'ன்னு ஒத்த வார்த்ததான் எழுதுவாவ!"

"அவியளுக்குப் பிள்ளையத் தெரியாது, எழுதுதாவ. எனக்குத் தெரியுமே ஏளா."

"அப்ப நான் நல்லவ இல்லியா?"

பன்னிரண்டு வருஷம் ஒரே டீச்சர், ஒரே மாணவி. வேறு யாரிடம் போய் இதைக் கேட்பாள் ஜெபசுதா?

கிருபை தடுமாறிப்போனாள். இன்னொரு வெள்ளைத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் ஓடல. நீயே எழுதிக்க."

4

முடிவு ஒன்று: 'மிக நன்று' என்று எழுதுகிறாள். சீட்டு கிடைக்கிறது. அது மூன்றாவது பொய்யா?

முடிவு இரண்டு: அம்மா முதலில் எழுதியதையே கொடுக்கிறாள். பொன்னுதுரை படித்துவிட்டு... (சிரிப்பாரா, முடியாது என்பாரா? பாவிமனுசன் என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறார்.)

நான் கண்டது இவ்வளவுதான். மணி மூன்றே முக்கால். "பேனா இருக்கா அண்ணாச்சி?" என்று, அம்மாவிடம் கேட்காமல், என்னிடம்தான் வாங்கினாள். 'நடத்தை' என்று எழுதி, பக்கத்தில் இரண்டு புள்ளி வைத்து, நின்றுவிட்டாள். எட்டிப்பார்க்க எனக்கு வெட்கமாகிவிட்டது, திரும்பிக்கொண்டேன்.

பதினெட்டு வயதில் அந்தத் தாள் உங்கள் கைக்கு வந்திருந்தால்? எழுதுங்கள். கையெழுத்து ஏற்கெனவே போட்டாயிற்று.