பிரதமர் நலம் விசாரித்த செல்வின்

ஆண்டின் கடைசி நாள் பிற்பகலில், தீவை ஆளும் தூரநாட்டுப் பிரதமரின் வாழ்த்துச் செய்தியை ஊர் மன்றத்தில் வாசிப்பார்கள். அந்த ஆண்டும் தீவின் அதிகாரி பெல்லமி தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். தீவின் இருநூறு பேரும் வந்திருந்தார்கள். கேப் டவுனிலிருந்து கப்பலில் ஏழு நாள் தள்ளி வாழும் தங்களுடைய மன உறுதியை, இந்தத் தீவைக் கண்ணால் கண்டிராத ஒருவர் பாராட்டுவதை அவர்கள் மழையைப் பொறுத்துக்கொள்வதுபோலப் பொறுத்துக்கொள்வார்கள்.

இறால் பிடிப்பு, உருளைக்கிழங்கு விளைச்சல், புதிய பள்ளிக் கூரை எல்லாம் வந்து போயின. பிறகு பெல்லமி வாசித்தார்:

"செப்டம்பரில் நோயுற்ற திரு. செல்வின் உரிய நேரத்தில் கப்பலில் கேப் டவுனுக்குக் கொண்டுசெல்லப்பட்டு நலம்பெற்று வருவதை அறிந்து நானும் என் மனைவியும் மகிழ்கிறோம். தொலைவு நம்மைப் பிரிப்பதில்லை."

வாசித்து முடித்த பிறகுதான் என்ன வாசித்தோம் என்பது அவருக்கே உறைத்தது.

மூன்றாவது வரிசையில் செல்வினின் மனைவி எனிட் உட்கார்ந்திருந்தாள். செல்வின் மூன்று மாதமாகத் தேவாலயத்துக்குப் பின்னால் மண்ணுக்கடியில் கிடந்தான். குடலில் அடைப்பு. அறுவை செய்யாவிட்டால் பிழைக்கமாட்டான், இங்கே அதற்கு வசதியில்லை என்று மருத்துவர் முதல் நாளே சொல்லிவிட்டார். பெல்லமி கேட்டதற்கு, அவ்வழியே போகும் ஒரு கப்பலைத் திருப்பிவிடுகிறோம் என்று தலைநகரிலிருந்து பதில் வந்தது. மாத அறிக்கை அனுப்பவேண்டிய நாள் வந்ததும், கப்பல் வந்துவிடும் என்ற நம்பிக்கையில் 'நோயாளி அனுப்பிவைக்கப்பட்டார்' என்று பெல்லமி எழுதிவிட்டார். கப்பல் வரவில்லை. எட்டாம் நாள் விடியலில் செல்வின் எனிட்டின் மணிக்கட்டைப் பிடித்தபடியே போய்விட்டான். அறிக்கையைத் திருத்த வேண்டும் என்று பெல்லமிக்குத் தோன்றவில்லை. அல்லது தோன்றியும் கை வரவில்லை.

மன்றத்தைவிட்டு வெளியே வந்ததும் செல்வினின் தம்பி ஹார்வி அவளை மறித்தான்.

"அண்ணி, வீட்டுக்குப் போங்க. இன்னைக்கு ஒண்ணும் வேண்டாம்."

"உங்க அண்ணன் நலமா இருக்காராம்டா. கேட்டியா? நான்தான் தெரியாம கறுப்பு உடுத்திட்டுத் திரியறேன்."

"அதிகாரி வேணும்னா செஞ்சாரு? நாளைக்கு என் பிள்ளைக்கு ஒண்ணுன்னா அதே ஆள்கிட்டத்தான் போய் நிக்கணும். கப்பல் கேக்கற வாயி அவரு ஒருத்தர்தான்."

"அந்த வாயி கேட்டு வந்த கப்பல் எங்கடா?"

ஹார்வி தரையைப் பார்த்தான். "முகமூடி கட்ட நேரமாச்சு," என்று முணுமுணுத்துவிட்டு நழுவினான்.

பழைய ஆண்டைத் துரத்துவதற்காக அன்று மாலை ஆண்கள் முகமூடி போட்டு, கிழிந்த கோட்டுகளை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். பெண்களைத் துரத்துவார்கள், ஆளைத் தூக்கித் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். முகமூடி பேசக்கூடாது. யாரென்று யாரும் கேட்கக்கூடாது. பொழுது சாயும்வரை முகமூடி கேட்டதை இல்லையென்று சொல்லக்கூடாது. கடைசி வீடு அதிகாரியுடையது. பெண்கள் முகமூடி போட்டதாக யார் நினைவிலும் இல்லை.

எனிட் வீட்டுக்குப் போய்ச் செல்வினின் மாட்டுத்தோல் முகமூடியை ஆணியிலிருந்து எடுத்தாள். உள்பக்கம் இன்னும் அவன் வியர்வை நாறியது. அவனுடைய எண்ணெய் பூசிய மழைக்கோட்டையும் போட்டுக்கொண்டாள்.

வெயில் இன்னும் மலைமேல் இருந்தபோது பன்னிரண்டு முகமூடிகள் அதிகாரியின் தோட்டத்தில் நுழைந்தன. உறுமலும் தகரத்தட்டுச் சத்தமுமாக ஒரே அமளி. பெல்லமி பாட்டிலும் குவளைகளுமாக வெளியே வந்தார். சிரிக்க முயன்றார்.

"வாங்கய்யா வாங்க! இந்தத் தடவை தொட்டியில மட்டும் போட்றாதீங்க, இடுப்பு தாங்காது."

மாட்டுத்தோல் முகமூடி குவளையைத் தட்டிவிட்டது. அது புல்லில் உருண்டது. உறுமல் நின்றது. அந்த முகமூடி யாருடையது என்று அங்கிருந்த ஒவ்வொருவனுக்கும் தெரியும்.

எனிட் கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துத் தோட்டத்து மேசையில் வைத்தாள். எழுது என்று சைகை காட்டினாள்.

பெல்லமி அவள் விரல்களைப் பார்த்தார். அவை பெண்ணின் விரல்கள். "இது... முறையா நான் ஜனவரியில எழுதிடறேன். அலுவலகம் திறக்கட்டும்."

அவள் தாளை இன்னும் அருகே தள்ளினாள். பெல்லமி மற்ற முகமூடிகளைப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. உட்கார்ந்து எழுதினார்: 'திரு. செல்வின் எதிர்பாராத விதமாக மறைந்தார் என்பதை வருத்தத்துடன்...'

எனிட் பேனாவைப் பிடுங்கி 'எதிர்பாராத' என்பதைக் காகிதம் கிழிய அடித்தாள். அடுத்து 'வருத்தத்துடன்' என்பதையும்.

"பின்னே என்னதான் எழுதச் சொல்றே எனிட்?" என்றார் பெல்லமி. பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டார்.

அவள் முகமூடியைக் கழற்றினாள். தலைமுடி நெற்றியில் ஒட்டியிருந்தது.

"செத்துட்டாருன்னு எழுதுங்க. எட்டு நாள் கப்பலைப் பாத்துக்கிட்டே செத்தாரு. நீங்க அனுப்பிட்டேன்னு எழுதினப்போ அவரு என் கட்டில்ல கிடந்து அலறிட்டிருந்தாரு. நாலு வீடு தள்ளித்தானே உங்க வீடு, கேக்கலையா? அதையும் எழுதுங்க. கீழே உங்க கையெழுத்தைப் போடுங்க. உங்க பிரதமரு சந்தோஷப்படறதை நிறுத்தட்டும்."

பெல்லமி எழுதினார். ஒவ்வொரு வார்த்தையாக, தலை நிமிராமல் எழுதினார். கையெழுத்துப் போடப் பேனா இறங்கியபோது அவள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"கையெழுத்து இப்போ போடாதீங்க. இன்னும் இருக்கு."

ஆட்டுத்தோல் முகமூடி. அதற்குள் ஹார்வி.

"நாலாம் நாள் ஒரு மீன்பிடிக் கப்பல் மேற்கால போச்சு. நாங்க ஆறு பேரு படகுல போயி, துணியை ஆட்டி, கத்திப் பாத்தோம். நிக்கலை. திரும்பி வந்து உங்ககிட்டச் சொன்னோம். நிக்கச் சொல்லித் தலைநகர்ல கேளுங்கன்னு. விருந்துக்கு நேரமாச்சு, காலையில பாக்கலாம்னீங்க." "அதை இதுவரைக்கும் நாங்க யாரும் அண்ணிகிட்ட சொல்லலை."

எனிட் திரும்பி அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் நன்றி இல்லை. ஹார்வி முகமூடியைக் கழற்றத் துணியவில்லை.

"எழுதுங்க," என்றாள் பெல்லமியிடம், ஹார்வியைவிட்டுக் கண் எடுக்காமலே. "அந்த ஆறு பேர் பேரையும் எழுதுங்க."