பேச்சாயிக்கு ஒரு கட்டம்

அறுந்த நூலை ஒட்டிவிட்டு இளவேனில் நிமிர்ந்தபோது நாலடி தள்ளி இன்னொன்று அறுந்தது. தாடிக்கொம்பு சாலையில் இருந்த அந்த நூற்பாலையில் ஷிப்டு முழுக்க இதே பாடுதான். மெஷினின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தபடி அறுந்ததை ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புழுக்கத்தில் குடித்த தண்ணீர் அடிவயிற்றில் முட்டியது. திரும்பிக் கண்ணைக் காட்டினாள். பேச்சாயி தலையில் படிந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே வந்து அவள் இடத்தில் நின்றாள்.

"போய்ட்டு வா தாயி. நான் பாத்துக்கிறேன்."

பேச்சாயிக்கு அதுதான் வேலை. யார் பாத்ரூம் போனாலும், தூரமான நாளில் யாருக்கு இடுப்பு கழன்றாலும், அவர்கள் மெஷினில் போய் நிற்பாள். புருஷன் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அன்று மத்தியானம் செழியன் என்றொரு பையன் மடிக்கணினியோடு வந்தான். ஆலையில் நடக்கும் வேலை முழுவதையும் படமாகப் போட வேண்டுமாம். ஒரு வேலைக்கு ஒரு கட்டம். அதிலிருந்து அடுத்ததற்கு ஓர் அம்புக்குறி. நல்ல பையன்தான், குறை சொல்லக் கூடாது. பெண்களை உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தான்.

"இந்தக் குறியெல்லாம் உலகம் பூரா ஒண்ணுதாக்கா. எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்ல, யார் வேணாலும் வரையலாம். வெளிநாட்டுல நூல் வாங்குறவங்க இதப் பாத்தே இங்க என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்குவாங்க. ஒண்ணு விடாம சொல்லுங்க."

சொன்னார்கள். கட்டங்கள் வளர்ந்தன. கடைசியில், "பேச்சாயி அக்கா என்ன பண்றாங்க?" என்று கேட்டான்.

பக்கத்தில் சூப்பர்வைசர் ரொனால்டு கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் ஒன்றுக்குப் போகும்போது இவள் நிற்பாள் என்று இந்த ஆம்பளைகள் முன்னால் எந்த வாயால் சொல்வது? அதை வெளிநாட்டுக்காரன் வேறு பார்ப்பானாம். இளவேனிலுக்கு நாக்கு நுனி வரை வந்தது. கூச்சம் பிடுங்கித் தின்றது. பேச்சாயியே சிரித்துச் சமாளித்தாள்.

"எனக்கென்ன தம்பி, சும்மா கூடமாட ஒத்தாசதேன்."

அவனும் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போனான்.

படம் பெரிதாக அச்சாகிச் சுவரில் ஏறியது. சில நாளில் ரொனால்டு பேச்சாயியை வாசலிலேயே நிறுத்தினார்.

"படத்துல உனக்கு வேலையே இல்லையேம்மா. ஆபீஸ்ல கேக்குறாக, நான் என்ன செய்ய?"

இளவேனில் ஓடினாள். வெட்கத்தை விட்டுச் சொல்லியே விட்டாள். "சார், பொம்பளைக வெளிய போறப்ப இவுகதேன் சார் மெஷின்ல நிப்பாக."

"அத அன்னைக்குல்ல சொல்லியிருக்கணும்? இப்ப படம் வெளிநாட்டுக்குப் போயாச்சு."

"யார் வேணாலும் வரையலாம்னு அந்தத் தம்பி சொன்னாரே சார். ஒரே ஒரு கட்டம்..."

"யார் வேணாலும்னா நீயும் நானுமா? போ போ. மெஷின விட்டு நகந்தா சம்பளத்துல பிடிப்பாக."

இளவேனிலுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. பேச்சாயி தூக்குவாளியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"விடு தாயி. உள்ள போ, அங்க நூல் அறுந்துகிட்டு கெடக்கும்."

அன்று ஷிப்டு முடிந்து மணி அடித்ததும் ஒருத்தியும் வாசல் பக்கம் போகவில்லை. எல்லோரும் அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் பக்கம் ஓடினார்கள். ஜன்னலடியில் அவர்களுடைய தண்ணீர் பாட்டில்கள் காலையில் நிரப்பியது நிரப்பியபடியே, மூடி திறக்காமல் வரிசையாக நின்றன.