யாருடையதென்று சொல்லக் கூடாதாம்

சின்னமனூர் பல் டாக்டர் பவானி தட்டில் வைத்த குப்பிக்குள் ரவை மாதிரி வெள்ளைப் பொடி இருந்தது. தாடை அரித்துப்போயிருக்கிறது, இதை வைத்து நிரப்பினால்தான் புதுப் பல் நிற்கும் என்றாள். என்ன பொடி என்று கேட்டார் பங்கிராஸ்.

"மனுச எலும்புதான் அய்யா. இடுப்பு ஆபரேசன்ல எடுக்கிறத சுத்தம் பண்ணி அனுப்புறாங்க."

பங்கிராஸ் வாயை மூடிக்கொண்டார்.

போன வருடம் தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் அவர் மனைவி பாக்கியத்துக்கு இடுப்பு மூட்டு மாற்றினார்கள். வெட்டியெடுத்த எலும்பு எலும்பு வங்கிக்குப் போய்விட்டதென்று மகள் ஜெசி பிறகுதான் சொன்னாள். அடுத்த ஈஸ்டருக்கு முன்பே பாக்கியம் நெஞ்சுவலியில் போய்விட்டாள். குடும்பக் கல்லறையைத் திறந்தபோது, வழக்கப்படி, உள்ளே கிடந்த தன் அம்மாவின் எலும்புகளைப் பொறுக்கி வெள்ளைத் துணியில் கட்டி, பாக்கியத்தின் காலடியில் வைத்தவர் அவர்தான். ஒரு விரல் கணுவைக்கூட விடவில்லை. நாளைக்கு அவருக்காகக் குழி திறந்து பாக்கியத்தைப் பொறுக்குகிறவர்கள் கையில் அந்த இடுப்பெலும்புக்குப் பதில் ஓர் உலோக உருண்டை அகப்படும்.

"இது யாரோடதும்மா?"

"எங்களுக்கே தெரியாது அய்யா. தெரிஞ்சவங்களும் சொல்லக் கூடாது."

"வெலை?"

"எலும்புக்கு வெலை இல்ல. சுத்தம் பண்ற செலவு, டெஸ்ட் செலவு மட்டுந்தான்."

"போடிப் பக்கம் தோட்டத்துக்குத் தண்ணி விக்கிறவனும் இதத்தான் சொல்லுவான். தண்ணிக்குக் காசில்ல, லாரி வாடகைதான்னு."

டாக்டர் சிரித்தாள். துணைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஜெசிக்குச் சங்கடமாகிவிட்டது.

"சும்மா இருங்கப்பா. அம்மாட்ட கேட்டுத்தான் எடுத்தாக. தலையாட்டுச்சு."

"ஊசி போடுறதுக்கு முந்தியா, போட்ட பெறகா?"

ஜெசி செல்போனை எடுத்துப் பார்த்தாள். யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

"போட்ட பெறகுன்னா உங்காத்தா எதுக்குந்தான் தலையாட்டுவா."

அதற்குள் குப்பியின் மூடி திறந்திருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் அவர் கையிலிருந்து எடுத்த ரத்தத்தை அதில் விட்டுக்கொண்டிருந்தாள் டாக்டர். இவரைக் கேட்கவில்லை.

"இது வேணாம்னா என்ன செய்வீக?"

"தெறந்தாச்சு அய்யா. இனி யாருக்கும் ஆகாது. குப்பைக்குத்தான் போகும்."

மஞ்சள் குப்பைத்தொட்டி நாற்காலிக்கு அடியிலேயே இருந்தது. வெள்ளைப் பொடி அவருடைய ரத்தத்தை மெல்ல உறிஞ்சி, ஓரத்திலிருந்து சிவந்துகொண்டே வந்தது.

"வாயத் தெறங்க அய்யா."

பங்கிராஸ் வாயைத் திறக்கவில்லை. போர்த்தியிருந்த பச்சைத் துணிக்கு அடியிலிருந்து கையை உருவி, குப்பியைத் தரச்சொல்லி உள்ளங்கையை அவள் முன்னால் நீட்டினார்.