சும்மா உட்கார்ந்திருந்த நொதிக்காரர்கள்

கரூரில் குழந்தை பிறந்தால் தாய் ஒரு நொதிக்காரரையும் தகப்பன் ஒரு நொதிக்காரரையும் தங்கள் உடம்பிலிருந்து அதன் உடம்புக்கு வேலைக்கு அனுப்பிவைக்க வேண்டும். பதினாறாம் நாளுக்குள் அனுப்பிவிடுவது வழக்கம்.

எல்லார் உடம்பிலும் இப்படி இரண்டு பேர் உண்டு. செராமைடு என்கிற மெழுகை நறுக்குவதுதான் அவர்கள் வேலை. செராமைடைக் குறை சொல்லவும் முடியாது. தோலுக்கு அதுதான் பூச்சு. அது இல்லாவிட்டால் மனுஷன் வெயிலில் போட்ட வெள்ளரிக்காயாகச் சுருங்கிப்போவான். ஆனால் பழசானதை அன்றன்றைக்கே நறுக்கிப்போட வேண்டும். நறுக்கிய துண்டுகளில் ஒன்று உடம்பு முழுக்கச் சுற்றி, "இன்னைக்கும் உசுரோட இருங்க" என்று சொல்லிவிட்டு வரும். நறுக்காமல் விட்டாலோ மெழுகு கட்டி கட்டியாகச் சேர்ந்து மூட்டில் உட்காரும், தொண்டையில் உட்காரும். அப்புறம் அதைக் கிளப்ப ஆளில்லை.

கோமளவல்லி கொசுவலை தைக்கும் கம்பெனியில் இருந்தாள். அவள் புருஷன் நாச்சிமுத்து பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறையில் வெல்டர். இருவர் உடம்பிலும் ஒரு நொதிக்காரர் மாடாக உழைப்பார். இன்னொருவர் சும்மா உட்கார்ந்திருப்பார். ஊரில் இது சகஜம். ஒருவர் நறுக்கினாலே ஒரு உடம்புக்குப் போதும் என்பதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

மகள் தாரணி பிறந்ததும் கோமளவல்லி யோசித்தாள். வேலையாக இருப்பவரைக் கூப்பிடுவது மரியாதையா? பாதி மெழுகில் கத்தி இறங்கியிருக்கும்போது எழுந்து வாங்க என்றால் அந்த மனுஷன் என்ன நினைப்பார்? சும்மா இருப்பவரே போகட்டும். ஊர் சுற்றும் பையனுக்குக் கால்கட்டுப் போட்டால் திருந்துவதில்லையா, அதுபோலப் பொறுப்பு வந்தால் தானாகச் சரியாகிவிடும். எப்படியும் புருஷன் நல்ல ஆளைத்தானே அனுப்புவார் என்று நினைத்துக்கொண்டாள். இதைப் புருஷனிடம் சொல்லவில்லை.

ஒரு வயசில் தாரணிக்கு விரல் மூட்டுகள் வீங்கின. முழங்காலில் புளியங்கொட்டை அளவுக்குக் கட்டிகள் எழும்பின. அழுதால் குரல் கம்மிக் கம்மி வந்தது. நொதி ஆபீசுக்குத் தூக்கிப்போனார்கள். அங்கிருந்த அதிகாரியம்மா குழந்தையின் முழங்காலில் காதை வைத்துக் கேட்டார்.

"ரெண்டு பேரும் உள்ளேதான் இருக்காங்க. சும்மா உக்காந்திருக்காங்க."

"எந்திரிக்கச் சொல்லுங்க மேடம்."

"சொல்லிப் பாத்தாச்சுங்க. பதிலே இல்ல."

திரும்பி வரும் பஸ்ஸில் கோமளவல்லி கேட்டாள். "ஏனுங்க, நீங்க யாரை அனுப்பினீங்க?"

நாச்சிமுத்து ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "சும்மா இருந்தவரைத்தான் புள்ள. வேலையா இருந்தவரைக் கெடுக்கவேண்டாம்னு பாத்தேன். நீ நல்லவரை அனுப்பியிருப்பேன்னு..."

"நானும் அதையேதானுங்க நினைச்சேன்."

அவர்கள் இறங்கவேண்டிய இடம் வந்து போயிற்று. கடைசி நிறுத்தத்தில் கண்டக்டர் வந்து தட்டிச் சொன்ன பிறகுதான் இறங்கினார்கள்.

அன்றிலிருந்து கோமளவல்லி தினமும் காலையில் மகளின் முழங்காலில் வாயை வைத்துத் திட்டினாள். "சோம்பேறி நாய்களா, வெக்கமா இல்ல? ஒரு துண்டாவது நறுக்குங்கடா! எம்புள்ள செத்துருவா. நாசமாப் போக!" திட்டியது மகளின் காலைப் பார்த்து என்பது அப்புறம்தான் உறைக்கும். அந்தக் காலையே முத்தமிட்டு அழுவாள். அப்புறம் சோறு பிசைந்து, "ஆ காட்டு கண்ணு" என்று ஊட்டுவாள்; அதைச் சொன்னால்தான் தாரணி வாயைத் திறப்பாள்.

ஒருநாள், தன் உடம்பில் மிச்சமிருந்த நொதிக்காரரைக் கூப்பிட்டு, கத்தியும் தண்ணீர் பாட்டிலும் கொடுத்து மகளின் உடம்புக்கு அனுப்பினாள். அவர் போன மறுநாளே அவள் விரல்கள் விறைத்துக்கொண்டன. ஊசி பிடிக்க முடியவில்லை. போகட்டும் என்று சந்தோஷமாக இருந்தாள். மூன்றாம் நாள் அவர் முகமெல்லாம் வீங்கித் திரும்பி வந்தார்.

"உள்ளே விடலீங்க அம்மணி. நம்மாளு இல்லைன்னு காவக்காரங்க அடிச்சுத் தள்ளிப்போட்டாங்க" என்றார். பழைய இடத்தில் போய் உட்கார்ந்து, விட்ட வேலையைத் தொடர்ந்தார். சாயங்காலத்துக்குள் தன் விரல்கள் மறுபடி மடங்குவதைப் பார்த்து அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மூன்று வயசு முடியப் பதினொரு நாள் இருக்கும்போது தாரணி போய்ச் சேர்ந்தாள். கடைசி இரண்டு மாதம் அவளுக்குக் குரலே இல்லை. நாச்சிமுத்துதான் கையில் ஏந்திக்கொண்டு அமராவதிக் கரைக்குப் போனான். அந்தச் சின்ன உடம்பு அத்தனை கனம் கனத்தது. வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினான். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை.

அடக்கம் செய்து மூன்றாம் நாள் மத்தியானம் வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். கதவைத் தட்டவில்லை. கண்ணில் படும்வரை நின்றார்கள்.

"பாப்பா உடம்புல இருந்தவங்கதானுங்க" என்றார் மூத்தவர்.

கோமளவல்லி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். ஓங்கிய பிறகுதான் கவனித்தாள். இருவரின் சட்டைக் கைகளும் வெறுமையாகத் தொங்கின. தோளுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"பொறவியிலேயே இல்லீங்க. ராப்பகலா அந்த மெழுகைப் பாத்துக்கிட்டேதான் உக்காந்திருந்தோம். ஒருநாகூடக் கண்ணை மூடலீங்க."

"வாயால சொல்லியிருக்கலாமே, பாவிகளா!"

"பாப்பா தொண்டை அடைச்சுக் கெடந்துதுங்களே. சத்தம் வெளிய வரலை."

அவள் விளக்குமாற்றைக் கீழே போட்டாள். பிறகு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள்.

இளையவர் தலையைக் குனிந்துகொண்டார். "மூணு நாளாச்சுங்க."

இருவரையும் உள்ளே உட்காரவைத்தாள். சோற்றில் ரசம் விட்டுக் குழையப் பிசைந்து, ஒரு வாய் உருட்டி மூத்தவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவர் வாயைத் திறக்கவில்லை. இளையவரிடம் நீட்டினாள். அவரும் திறக்கவில்லை. பசி கண்ணில் தெரிந்தது. ஆனாலும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"ஆ காட்டு கண்ணு" என்றாள் கோமளவல்லி.

இரண்டு பேரும் ஆ காட்டினார்கள்.